தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் நடுவில்

இலங்கைக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்கிற யாரிடம் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே வழித்தடத்தைத்தான் எடுத்து நீட்டுவார்கள். கட்டுநாயக்கவில் இறங்கி வடக்கே அனுராதபுரம். அங்கிருந்து பொலன்னறுவை, சிகிரியா, தம்புள்ளை. பிறகு தெற்கே திரும்பி மாத்தளை வழியாகக் கண்டி. கண்டியிலிருந்து மலையேறினால் நுவரெலியா, ஹோட்டன் சமவெளி, எல்ல. முதல் பாதிக்கு 'மரபுச் சின்னங்கள்' என்று பெயர் போட்டிருப்பார்கள், இரண்டாம் பாதிக்கு 'மலைநாடு'. அதில் ராஜாக்கள், இதில் தேயிலையும் மூடுபனியும் ரயிலும்.

நாங்கள் போனதும் இதே தடம்தான். நல்ல தடம், போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் இந்த இரண்டு பாதிகளையும் சேர்க்கிற ஒரு சாலைத் துண்டு நடுவில் இருக்கிறது. வேனில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். பெரும்பாலும் எல்லோரும் தூங்குகிற நேரம் அது. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அந்தச் சாலைக்காகத்தான். அங்கே போய்ச் சேர்வதற்கு முன்னால் கற்களைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அந்தச் சாலையைப் புரிந்துகொள்ள இந்தக் கற்கள் வேண்டும்.

எங்களுக்கு வந்தவர் வண்டியும் ஓட்டி வழியும் காட்டுகிறவர். சிங்களவர், குருநாகல் பக்கம். தமிழ் நன்றாகப் பேசினார். என் அம்மாவை 'அம்மா' என்றும் என்னை 'மிஸ்' என்றும் கூப்பிட்டார். மனப்பாடமாக ஒப்பிக்கிற ஆள் இல்லை. ஓர் இடத்தில் நிறுத்தினால் முதலில் நம்மைப் பார்க்க விட்டுவிட்டு, அப்புறம்தான் பேச ஆரம்பிப்பார்.

அனுராதபுரத்தில் தூபிகளின் அளவுதான் முதலில் ஆளை அசத்துகிறது. ஜேதவனாராமத் தூபி 3ஆம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் தொடங்கியது. கட்டி முடித்தபோது அதன் உயரம் 122 மீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒன்பது கோடிக்கு மேல் செங்கல் போயிருக்கிறது. மகாபோதி மரத்தடியில் வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருந்த கூட்டத்தில் அம்மா வெகுநேரம் உட்கார்ந்துவிட்டார். அனுராதபுரத்தை ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளனைப் பற்றி நான் கேட்டதும் எங்கள் வழிகாட்டியே ஆர்வமாகச் சொன்னார்: எதிரியாக இருந்தாலும் நீதி தவறாதவன் என்று பழைய பௌத்த வரலாற்று நூலான மகாவம்சமே அவனைப் புகழ்கிறது, அவனைப் போரில் கொன்ற சிங்கள மன்னன் துட்டகாமணி அவன் விழுந்த இடத்தில் நினைவிடம் எழுப்பி, அந்த வழியாகப் போகிறவர்கள் வாத்திய ஒலியை நிறுத்திவிட்டுப் போக வேண்டும் என்று ஆணையிட்டான்.

ஆனால் இந்த வறண்ட வடபகுதியில் என்னை உண்மையில் நிறுத்தி வைத்தது தண்ணீர்தான். இங்கே மழை வருடத்தில் சில மாதங்கள்தான். அதைப் பிடித்து வைத்து இரண்டு போகம் விளைவித்து, ஒரு தலைநகரை ஆயிரம் வருடங்களுக்கு மேல் காப்பாற்றியிருக்கிறார்கள். 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டிய கலாவெவ ஏரியிலிருந்து அனுராதபுரத்துக்கு 87 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய் வருகிறது. பெயர் யோத எல. அதன் முதல் 17 மைலுக்குச் சரிவு மைலுக்கு ஆறு அங்குலம்தான். ஒரு மைல் தூரத்தில் ஒரு சாண் அளவுகூட இறங்காத வாய்க்காலை, இன்றைய அளவுக் கருவி எதுவும் இல்லாமல் வெட்டியிருக்கிறார்கள். ஏரிக்கரைக்குள் சதுரக் கிணறு மாதிரி ஒரு கல்தொட்டியை இறக்கி, வெளியேறுகிற தண்ணீரின் வேகத்தை அதற்குள்ளேயே அடக்குகிற ஏற்பாடும் உண்டு. பிசோகொட்டுவ என்கிறார்கள். ஏரியும் மதகும் குமிழியும் தெரிந்த நமக்கு இதன் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. கரையில் நின்று பார்த்தாலே புரியும்.

அடுத்தது பொலன்னறுவை. இந்தச் சுற்றுலாவில் நேரத்தைக் கூட்டிக் கேட்க வேண்டிய ஊர் இதுதான் என்பது என் எண்ணம். பராக்கிரம சமுத்திரம் என்கிற கடல் போன்ற ஏரி, கல் விகாரையில் ஒரே பாறையில் செதுக்கிய நான்கு உருவங்கள், நிசங்கமல்லன் தன் புகழைத் தானே வெட்டி வைத்த கல்புத்தகம் என்று பார்க்க நிறைய இருக்கிறது. கல் விகாரையில் சயனித்திருக்கும் புத்தர் 14 மீட்டர் நீளம். அந்தத் தலையணையைக் கிட்டே போய்ப் பாருங்கள். தலையின் பாரத்தில் தலையணை லேசாக அமுங்கியிருக்கிறது. கருங்கல்லில் அந்த அமுக்கத்தைக் கொண்டு வந்த சிற்பி யாரோ தெரியாது. கோடுகோடாக ஓடுகிற பாறையின் நிறங்களையும் முகத்தின் மேல் அழகாக விட்டிருக்கிறான்.

அங்கிருந்து கொஞ்சம் தள்ளி, மரங்களுக்கு நடுவே, சின்னதாக ஒரு கற்கோயில். இரண்டாம் சிவ தேவாலயம் என்று தொல்லியல் துறையின் கணக்கில் பெயர். சுற்றிலும் செங்கல் கட்டடங்கள் இடிந்து கிடக்க, இது மட்டும் அடியிலிருந்து சிகரம் வரை கல்லிலேயே கட்டி முழுசாக நிற்கிறது.

"அம்மா, இந்த ஊர்ல முழுசா நிக்கிறதிலேயே ஆகப் பழைய கட்டடம் இதுதான். உங்க ஆக்கள் கட்டினது" என்றார் வழிகாட்டி.

993இல் ராஜராஜனின் படை இந்தத் தீவுக்குள் வந்தது. 1017இல் ராஜேந்திரன் காலத்தில் சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தனையே சிறைபிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். பொலன்னறுவை, சனநாதமங்கலம் என்ற பெயரில் சோழர்களின் தலைநகரானது. இந்தக் கோயிலுக்கு வானவன்மாதேவி ஈச்சரம் என்று பெயர். வானவன்மாதேவி ராஜராஜனின் அரசி, ராஜேந்திரனின் தாய். சுவரில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. விரலால் தடவித் தடவி நான் ஓர் எழுத்தைக் கண்டுபிடிப்பதற்குள், கையில் பூத்தட்டோடு ஒரு சிங்களக் குடும்பம் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள், லிங்கத்தின் முன்னால் விளக்கேற்றினார்கள், குழந்தையின் நெற்றியை வாசற்படியில் தொட வைத்தார்கள். அம்மா தன் கைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து அந்தக் குழந்தையின் தாயிடம் கொடுத்தார். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கோயிலைப் பார்த்துப் பெருமைப்படுகிற நம் ஆட்கள் வழக்கமாக அத்தோடு வண்டியேறிவிடுவார்கள். அதே வளாகத்தில், தலதா மலுவவில், வேளைக்காரர் கல்வெட்டையும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். 1070இல் சோழர்களை இந்தத் தீவிலிருந்து விரட்டியவன் முதலாம் விஜயபாகு. புத்தரின் புனிதப் பல்லுக்காக அவன் ஆட்சியில் கட்டிய கோயிலைக் காப்பாற்றுகிற பொறுப்பை, அவன் இறந்த பிறகு ஏற்றுக்கொண்டவர்கள் வேளைக்காரர் என்கிற தமிழ்ப் படையினர். 'எங்கள் பாதுகாப்பில் இருக்கும்' என்று அவர்கள் உறுதி கொடுத்து வெட்டிய தமிழ்க் கல்வெட்டு இன்றும் நின்றுகொண்டிருக்கிறது. அந்தப் பௌத்தப் பள்ளிக்கு அவர்கள் தங்கள் பெயரையே சேர்த்து, 'மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி' என்று வைத்தார்கள். சிங்களவர், தமிழர் என்று இரண்டு கட்சிகள் காலங்காலமாக எதிரெதிரே நின்றதாக நினைப்பவர்கள் இந்தக் கல்லின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அங்கே கட்டட வாசலில் கிடக்கிற சந்திரவட்டக்கல்லில், அதாவது படிக்கு முன்னால் பதிக்கிற அரைவட்டச் சிற்பக்கல்லில், ஒரு மாற்றத்தையும் வழிகாட்டி காட்டினார். அனுராதபுரத்துக் கற்களில் யானை, குதிரை, சிங்கத்தோடு காளையும் வரிசையில் வரும். இங்கே காளையைக் காணோம். சோழர் காலத்துக்குப் பிறகு, நந்தியைக் காலால் மிதிக்கக் கூடாது என்று எடுத்துவிட்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லும் விளக்கம்.

சிகிரியாவைப் பற்றி இணையத்தில் ஏராளமாக இருக்கிறது, நான் சுருக்கிக்கொள்கிறேன். தந்தை தாதுசேனனைக் கொன்று ஆட்சியைப் பிடித்த காசியப்பன், 477 முதல் 495 வரை இந்தப் பாறையின் மேல் அரண்மனை கட்டி வாழ்ந்தான். புதையலைக் காட்டு என்று மகன் மிரட்டியபோது, தாதுசேனன் கலாவெவவுக்குப் போய் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி, 'என்னிடம் இருக்கிற செல்வம் இவ்வளவுதான்' என்று காட்டியதாகக் கதை. முந்தின நாள் அந்தக் கலாவெவவின் கதையைக் கேட்டுவிட்டு இங்கே வந்தால், இந்தப் பாறை வேறு மாதிரி தெரிகிறது. கீழே இருக்கும் நீர்த்தோட்டத்தில் மழைக்காலத்தில் ஊற்றுகள் இன்றும் பீறிடுமாம். ஏறுகிற வழியில் கண்ணாடிச் சுவர் வரும். பாறை ஓவியத்தில் இருக்கும் பெண்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் அதில் கவிதை கிறுக்கி வைத்திருக்கிறார்கள். தொல்லியல் அறிஞர் பரணவிதான அவற்றில் 685 பாட்டுகளைப் படித்து 1956இல் வெளியிட்டார். துறவி, படைவீரன், பெண்கள் என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ஊர் சுற்றிவிட்டு வந்து எழுதுகிற பழக்கத்துக்கு இதைவிடப் பழைய சாட்சி வேண்டாம்.

தம்புள்ளைக் குகைகளில் ஓவியத்தை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அதற்கு முன்னால், வெளியிலேயே, குகையின் நெற்றியில் பாறையை வெட்டி இழுத்திருக்கும் அந்த ஒற்றைக் கோட்டைப் பாருங்கள். மேலே பெய்கிற மழை பாறையில் வழிந்து குகைக்குள் வராமல், அந்தக் கோட்டிலேயே சொட்டி வெளியே விழுந்துவிடும். அதற்குக் கீழே பிராமி எழுத்து. நம் மாங்குளம், சித்தன்னவாசல் குகைகளைப் பார்த்தவர்களுக்கு இது வெகு நெருக்கமாகத் தோன்றும். உள்ளே ஈரம் படாமல் இத்தனை ஓவியமும் தப்பித்திருப்பதில் இந்தக் கோட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, சாலைக்கு வருவோம்.

தம்புள்ளையிலிருந்து மாத்தளை வழியாகக் கண்டிக்குப் போகும் சாலை, யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற ஏ-9. மதியச் சாப்பாடு முடித்து ஏறினோம், வேனில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். சமவெளி முடிந்து மெல்ல மலை தொடங்குகிறது. இருபக்கமும் வாசனைத் திரவியத் தோட்டங்களின் பலகைகள். சுற்றுலா வண்டிகள் நிற்கிற இடம் அவைதான்.

1820களில் இங்கே காப்பித் தோட்டம் போட ஆரம்பித்த காலத்திலிருந்து, நம் பக்கத்து மனிதர்கள் இந்த வழியாக நடந்து வந்திருக்கிறார்கள். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம், திருநெல்வேலி என்று பல மாவட்டத்துக்காரர்கள். பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள், பஞ்சத்தில் அடிபட்டவர்கள், கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கடனோடு கிளம்பியவர்கள். தோணியில் பாக்ஜலசந்தியைத் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாகத் தெற்கே. மாத்தளை வரைக்கும் 200 கிலோமீட்டருக்கு மேல். வாகனம் கிடையாது. குடிக்க நல்ல தண்ணீர் கிடைப்பதே அரிது. காலராவிலும் மலேரியாவிலும் விழுந்தவர்களைக் கூட்டம் விட்டுவிட்டுப் போனது. எத்தனை பேர் செத்தார்கள் என்று யாரும் சரியாக எழுதி வைக்கவில்லை.

அவர்கள் நடந்த காடு எது என்று யோசித்தபோதுதான் எனக்குச் சட்டென்று உறைத்தது. நாங்கள் அத்தனை நேரமும் டிக்கெட் வாங்கி அண்ணாந்து பார்த்த ராஜரட்டை, அந்தப் பழைய ராஜாக்களின் வடசமவெளிதான் அந்தக் காடு. பொலன்னறுவை அரசு 13ஆம் நூற்றாண்டில் சரிந்த பிறகு, மக்கள் தெற்கேயும் மேற்கேயும் நகர்ந்துவிட்டார்கள். ஏரிகள் உடைந்தன, கால்வாய்கள் தூர்ந்தன, தேங்கிய குட்டைகளில் கொசு பெருகியது. 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பிரதேசம் காய்ச்சலும் யானையும் கரடியும் நிறைந்த அடர்ந்த காடு. தாதுசேனனின் தண்ணீர் ஏற்பாடு செத்துப்போன நிலத்தில்தான் புதுக்கோட்டைக்காரனும் துறையூர்க்காரியும் காய்ச்சலில் விழுந்தார்கள். மரபுச் சின்னமும் மலைநாடும் இரண்டு தனிப் பாடங்கள் இல்லை. இந்தச் சாலையில் அவை ஒரே பாடமாகிவிடுகின்றன.

வழிகாட்டியிடம் கேட்டேன், இதைப் பற்றிப் பயணிகளிடம் சொல்வீர்களா என்று. கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தெரியும் மிஸ். என்ட பாட்டனார் சொல்லுவார், இந்த ரோட்டோரம் குழி வெட்டினாலே எலும்பு வரும்னு. ஆனா கேட்கிறவங்க இல்ல. கேட்டா நிறுத்துவேன்."

நிறுத்தச் சொன்னோம். முதலில் நாலந்தாவில். சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, நீர்த்தேக்கத்தின் கரையில், பார்த்தவுடன் மாமல்லபுரம் என்று சொல்ல வைக்கிற ஒரு கற்கோயில். ஆனால் உள்ளே புத்தர். பல்லவர் காலத்துத் திராவிடக் கட்டடக்கலையில் கட்டிய பௌத்த ஆலயம் இது. போவதென்னை நீர்த்தேக்கம் வந்தபோது மூழ்கிவிடும் என்று கற்களைப் பிரித்து எடுத்து, மேட்டில் மறுபடி கட்டினார்கள். கண்டிக்கருகே பொல்கொல்லையில் 1976இல் மகாவலி ஆற்றை மறித்துச் சுரங்கத்தின் வழியே இந்தப் பக்கம் திருப்பினார்கள். அந்தத் தண்ணீர் போவதென்னைக்கு வந்து, அங்கிருந்து கலாவெவவுக்குப் போகிறது. மலையில் பெய்த மழை இன்று அனுராதபுரத்து வயலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நாங்கள் போனபோது அங்கே எங்களைத் தவிர ஒரு காவலாளியும் இரண்டு மயில்களும்தான்.

அப்புறம் மாத்தளை முத்துமாரியம்மன். 108 அடி ராஜகோபுரம், மாசி மகத்துக்கு ஐந்து தேர். நடந்து வந்தவர்கள், உயிரோடு வந்து சேர்ந்ததற்கு மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள் என்று இங்கே சொல்கிறார்கள். நோயைக் கொடுக்கிறவளும் எடுக்கிறவளும் அவள்தானே. 1983 கலவரத்தில் இந்தக் கோயிலும் தப்பவில்லை. பிறகு எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள். 2023இல், மலையக மக்களின் 200 வருடத்தை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் ஆணும் பெண்ணுமாக மறுபடி நடந்து வந்தார்கள். தமிழரோடு சிங்களவரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். நான் கோத்தகிரியில் வளர்ந்தவள். என்னோடு பள்ளியில் படித்தவர்களில் பல பேர், தமிழக அரசின் தேயிலைத் தோட்டமான டான்டீயின் குடியிருப்புப் பிள்ளைகள். ஊரில் அவர்களை 'சிலோன்காரங்க' என்றுதான் சொல்வோம். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை ஒரே நாளில் நாடில்லாதவர்கள் ஆக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வது என்று பிரித்தார்கள். அந்த மக்களில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் நீலகிரியில் தொடங்கியதுதான் டான்டீ தோட்டங்கள். எங்கள் தெருக்கோடியில் இருந்த ஒரு பாட்டிக்குப் பிறந்த ஊர் மாத்தளை. மலையைக் காட்டினால் 'எங்க மலை இதைவிடப் பச்சை' என்பார். கோயில் வாசலில் நின்று அம்மா அந்தப் பாட்டியின் பெயரைச் சொல்லி ஓர் அர்ச்சனை செய்தார்.

கண்டியில் தலதா மாளிகை, ஏரி, மாலையில் நடனம் எல்லாம் வழக்கப்படி முடிந்தது. மாளிகைக்கு எதிரே பத்தினி தேவாலயம் இருக்கிறது. பத்தினி, நம் கண்ணகி. உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள். ஏரியை வெட்டிய கடைசி மன்னன் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன், மதுரை நாயக்கர் வழி வந்தவன். இயற்பெயர் கண்ணுசாமி. 1815இல் ஆங்கிலேயர் அவனைப் பிடித்து, பிறகு வேலூர்க் கோட்டையில் கொண்டுபோய் வைத்தார்கள். 1832இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் இருக்கும் முத்து மண்டபம் அவனுடையது. வேலூர்க்காரர்கள் இந்த ஏரிக்கரையில் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கலாம்.

கண்டியிலிருந்து நானுஓயாவுக்கு ரயிலில் போனோம். 1885இல் நானுஓயா வரை வந்த பாதை இது, பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆனது. ஜன்னலோரத்தில் மூடுபனியும் அருவியும் வந்துகொண்டே இருக்கும், அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் எங்களுக்கு நன்றாகவே சுற்றிக் காட்டினார்கள். கொழுந்தை வாட்டுவது, உருட்டுவது, புளிக்க விடுவது, சூட்டில் காய வைப்பது, சலித்துத் தரம் பிரிப்பது. நாலரைக் கிலோ கொழுந்து போட்டால் ஒரு கிலோ தூள் வரும். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது, இரண்டு வருடத்தில் காப்பியைத் துருநோய் தாக்கியது, காப்பி அழிந்த இடமெல்லாம் தேயிலை ஏறியது, லிப்டன் வந்தது, எல்லாம் சொன்னார்கள். கொழுந்தைக் கிள்ளுகிறவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், எங்கே குடியிருக்கிறார்கள் என்பது மட்டும் அந்தப் பேச்சில் வரவே இல்லை.

மறுநாள் காலையில் வண்டியை ஒரு வளைவில் நிறுத்தச் சொல்லி இறங்கினேன். சரிவில் நிரை பிடித்துப் பெண்கள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பைச் சுற்றித் தடித்த பிளாஸ்டிக் படங்கு. அது இல்லாவிட்டால் பனியில் நனைந்த செடி வயிற்றையும் தொடையையும் ஊறவைத்துவிடும். தலையிலிருந்து முதுகுக்குத் தொங்கும் பை, செடியின் மேல் கிடத்தி மட்டம் பார்க்கிற மட்டக்கம்பு. இரண்டு கையும் தனித்தனியாக ஓடுகின்றன. கண் அடுத்த கொழுந்தில் இருக்கும்போதே கை இந்தக் கொழுந்தைக் கிள்ளிவிடுகிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டும், அதற்குக் கீழே ஒரு இலை வந்தால் முற்றல். உள்ளங்கை நிறைந்ததும் பார்க்காமலே பின்னால் வீசுகிறார்கள், ஒரு இலைகூடக் கீழே விழவில்லை.

"எவ்வளவு ஆச்சு அக்கா?" என்றேன்.

"இன்னிக்குப் புல்லு ஏறிக் கிடக்கு தங்கச்சி. பதினெட்டுக் கிலோ வந்தாத்தான் பேரு. இல்லாட்டி அரைப்பேருதான்."

ஒரு நாள் கூலி செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் ஏறுவதைத்தான் பேர் விழுவது என்கிறார்கள். கொழுந்து குறைந்தால் பாதி நாள்தான் கணக்கு. மடுவம் என்கிற கொட்டகையில் கொழுந்தை நிறுக்கும்போது ஈரத்துக்கும் பைக்கும் என்று கழித்துக்கொள்வதும் உண்டு என்றார். நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை பல வருடம் இழுபட்டு 2021இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் விலைவாசி எங்கேயோ போய்விட்டது. "நீங்க எந்த ஊரு?" என்று அவரே கேட்டார். கோத்தகிரி என்றதும் கை நின்றுவிட்டது. "எங்க சித்தப்பா குடும்பம் அங்கதான் போச்சு. அறுவத்தெட்டா எழுவதா தெரியல. கப்பலேத்தி விட்டதோட சரி." கொஞ்ச நேரம் தோட்டத்துப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தோம், அவர் எனக்குத் தெரிந்த பெயர் ஏதாவது வருமா என்று, நான் அவருக்குத் தெரிந்த பெயர் வருமா என்று. எதுவும் ஒட்டவில்லை. கங்காணி மேலேயிருந்து குரல் கொடுத்ததும் அவர் மறுபடி நிரைக்குள் போய்விட்டார்.

அந்தச் சரிவுக்குக் கீழே லயம் தெரிந்தது. நீளமாக ஒரே கூரை, முதுகோடு முதுகு ஒட்டிய காம்பராக்கள், ஒவ்வொன்றும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடத்தில் நான்காவது, ஐந்தாவது தலைமுறை குடியிருக்கிறது. 2003இல்தான் எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை வந்தது. சொந்த வீடும் சொந்தக் காணியும் இன்னும் பெரும்பாலோருக்கு இல்லை. மலைச்சரிவில் மழை பலமாகப் பெய்கிற இரவுகளில் லயத்துப் பெண்கள் எப்படித் தூங்குவார்கள் என்று யோசித்துக்கொண்டே வண்டியில் ஏறினேன்.

ஹோட்டன் சமவெளிக்கு விடியலில் போக வேண்டும், ஒன்பது மணிக்கு மேல் பனி மூடிவிடும். 'உலக முடிவு' (World's End) என்கிற விளிம்பில் எண்ணூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாக இறங்குகிற பள்ளத்தைப் பார்த்தோம், மான் கூட்டத்தைப் பார்த்தோம். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் நீர் ஊறுவது இந்தப் புல்வெளியிலும் மேகக்காட்டிலும்தான். அந்தப் புல்லைக் கையால் அழுத்தினால் தண்ணீர் கசிகிறது. பிளாஸ்டிக் எதையும் உள்ளே விடாமல் வாசலிலேயே பையைச் சோதிக்கிறார்கள், வேண்டிய கண்டிப்பு. இந்தக் கசிவுதான் பொல்கொல்லையில் திரும்பி, நாலந்தாவைத் தாண்டி, கலாவெவவுக்குப் போகிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தம்புள்ளைக்கும் கண்டிக்கும் நடுவே வாசனைத் திரவியத் தோட்டத்துக்கு என்று ஒதுக்கியிருக்கும் நேரத்தை, நாலந்தாவுக்கும் மாத்தளைக்கும் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். இரண்டும் சாலையை ஒட்டியே இருப்பதால் வழிகாட்டிகள் மறுக்க மாட்டார்கள். மாத்தளைக்குச் சற்று முன்னால் அலுவிகாரையும் வரும். வாய்மொழியாக இருந்த பௌத்தத் திரிபிடகத்தை முதன்முதலில் ஓலையில் எழுதிய குகைகள் அவை, அரை மணி நேரம் போதும். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ரயிலில் போகாமல் சாலையில் போனால், கம்பளைக்குப் பக்கத்தில் ஒரு பழைய லயத்தையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். காம்பராவுக்குள் நின்று பார்க்கலாம். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. கொழுந்தெடுப்பவர்களைப் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். அவர்களுக்கு அது வேலை நேரம், நீங்கள் நிறுத்துகிற ஒவ்வொரு நிமிஷமும் நிறுவையில் குறையும். மாத்தளைக் கோயிலில் நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். தம்புள்ளையில் காலைச் சாப்பாடு ஆனதும் கிளம்பிவிட்டால் உச்சிகால பூஜைக்குப் போய்ச் சேரலாம்.